இருபத்திரண்டு பேருக்கு ஒரு கதவு

முதலாளி மேல் எனக்குப் பன்னிரண்டு வருஷமாகக் கோபம் உண்டு. அந்த வாரம் வந்த கோபம் எங்கள் மேலேயே வந்தது.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுதர்ஷன் முதலாளியின் சுக்கு கோடவுனில் நாங்கள் இருபத்திரண்டு பெண்கள். சுக்கைப் புடைத்து, சொத்தையைப் பொறுக்கி, தரம் பிரிப்போம். பெண்களுக்கு அங்கே கக்கூஸ் கிடையாது. படகுத்துறைப் பொதுக் கக்கூஸ் வரை நடக்க வேண்டும். அங்கேயும் பாதி நாள் பூட்டுத்தான். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமலே வேலைக்கு வருவோம். எங்களில் பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. முதலாளியின் ஆபீஸ் அறைக்குள் மட்டும் வெள்ளை ஓடு பதித்து ஒன்று உண்டு. அது அவர் ஒருவருக்கு.

வருஷக்கணக்காகக் கேட்டோம். போன மாசம் திடீரென்று மனம் இரங்கினார்.

"கட்டித் தராம். எல்லாரும் கூடி ஆலோசிச்சு எழுதிக் கொடுங்க. பின்னே சண்டை வரக்கூடாது" என்றார்.

சண்டை வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தின வாரம்தான், ஏதோ ஊர்வலத்தில் யாரோ யார் மேலோ கல்லெறிந்ததாக எல்லார் போனிலும் வந்திருந்தது. எறிந்தது யார், உடைந்தது யார் தலை, ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் வட்டமாக உட்கார்ந்து கறி மாற்றிச் சாப்பிட்டவர்கள் மறுநாளே மூலைக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்துவிட்டோம்.

ஆக, போனது மூன்று மனு. எங்களில் கமலாக்ஷி, இந்த ஊர் இந்துக்களான தன் ஆட்களிடம் கையெழுத்து வாங்கி, எங்களுக்குத் தனியே வேண்டும் என்று கொடுத்தாள். தலையில் தட்டம் போட்ட முஸ்லிம் பெண்கள், எங்களுக்கும் தனியே என்று கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த நாங்கள் ஐந்து பேர் மட்டும் என்ன யோக்கியமா? இரண்டு பக்கமும் எங்களைச் சேர்க்கவில்லை என்ற ரோஷத்தில் மூன்றாவது மனுவை எழுதியது நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

முதலாளி மூன்றையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்துச் சிரித்தார்.

"மூணு கட்ட இடம் எவிட? முதல்ல நீங்க ஒண்ணாவுங்க."

இழுப்பறையில் போட்டு மூடினார். மூத்திரத்துக்குக்கூட மதம் பார்த்தவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் அவர் வேறென்ன செய்வார்?

அதற்கு நாலாம் நாள். எங்களில் சுபைதாவுக்கு ஏழு மாசம். படகுத்துறைக்குப் போனவள் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சாக்கு அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அங்கம்மாக்கா, இனி எனக்கு வய்யக்கா, முடியலை" என்றாள். சொல்லி முடிக்குமுன் காலடியில் நனைந்துவிட்டது. மூட்டை தூக்கும் ஆட்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவள் தட்டத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் எழுவதற்குள் கமலாக்ஷி எழுந்துவிட்டாள். காலிச் சாக்கு ஒன்றை உதறி, சுபைதாவுக்கு முன்னால் மறைப்பாகப் பிடித்தாள்.

"எந்தடா நோக்கி நிக்கற? போடா!" என்று ஆட்களை விரட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "இது நம்ம செஞ்சதாக்கும், அங்கம்மா. நம்ம எல்லாரும் சேர்ந்து செஞ்சது!"

"தெரியுதுல்ல? அப்ப வா" என்றேன்.

முறங்களைப் போட்டுவிட்டு முதலாளியின் அறைக்குப் போனோம். சுபைதா முன்னால், மீதி இருபத்தொரு பேர் பின்னால் வரிசையாக.

"எந்தா இது? இது ஆபீஸாக்கும்!" என்று எழுந்தார் முதலாளி.

"ஒண்ணாவச் சொன்னீங்கல்ல? ஆயிட்டோம். நவுருங்க" என்றேன்.

ஒவ்வொருத்தியாக உள்ளே போனோம். ஒரே வாளி, ஒரே கப்பு. சுபைதா வைத்த கப்பைக் கமலாக்ஷி எடுத்தாள். அவள் வைத்ததை நான் எடுத்தேன். தூசிக் காலோடு வெள்ளை ஓட்டில் வேண்டுமென்றே அழுத்தி நடந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. வெளியே சரக்குக்கு வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு இதை நான் பூட்டும்" என்றார் முதலாளி.

"பூட்டுங்க. நாளைக்கும் நாங்க இங்கதான் நிப்போம். சுக்கு அங்கேயே கெடக்கட்டும்."

பூட்டினார். நாங்களும் நின்றோம், இரண்டு நாள். இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். சாப்பாட்டுக்கு இன்னும் சில பேர் தள்ளித்தான் உட்காருகிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் நாள், சரக்கு தேங்கிப்போனதில் முதலாளி வரச்சொன்ன கொத்தனார் செல்லப்பா அளவு நாடாவோடு வந்தார். பின்பக்க மூலையை அளந்து, சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டார்.

"ஒண்ணா?" என்று கொத்தனாரிடம் பாய்ந்தாள் கமலாக்ஷி. "இருபத்திரண்டு பேருக்கு ஒண்ணு எப்படிப் போதும்? ரெண்டு கட்டு சேட்டா."

முதலாளியின் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"ஓ, ரெண்டா? எது ஆருக்கு?"

சுபைதா வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்தாள். அதுவரை அவரிடம் நேராக நின்று ஒரு வார்த்தை பேசியறியாதவள்.

"ஆருக்கு அவசரமோ, அவளுக்கு" என்றாள்.