உடல்நலம் கருதி

குருமாரின் வெள்ளைக் கழுத்துப்பட்டையை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் தொளதொளவென்றுதான் நின்றது. மூன்றே மாதப் புற்றுநோயில், சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கழுத்து அவ்வளவு சிறுத்துப் போயிருந்தது. மகள் பஞ்சை மடித்துப் பின்பக்கம் செருகினாள்.

“போதும்டி, நல்லா இருக்கு,” என்றாள் அம்மா.

அப்பா ஆங்கிலிக்கன் திருச்சபையில் குரு. பதினாறு வருடம் இறையியல் கல்லூரியில் எபிரேயப் பேராசிரியர். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘கமா வாத்தியார்’ என்றுதான் மாணவர்களுக்குள் பேச்சு.

பத்து மணிக்குப் பேராயர் வந்தார். அவரும் கமா வாத்தியாரின் மாணவர்தான். அவருடைய ஆய்வேட்டில் நாற்பது பக்கம் வேறொருவர் எழுதியது என்று கண்டுபிடித்து, கையெழுத்துப் போட மறுத்தவர் அப்பா. ஆறே மாதத்தில், மாணவரின் மாமனார் தலைமையிலிருந்த நிர்வாகக் குழு அப்பாவைத் தூக்கி, முப்பது பேர் வரும் ஊர்க்கோடிக் கோயிலில் போட்டது. மாணவர் வேறெங்கோ பட்டம் வாங்கி மளமளவென்று ஏறினார். அப்பா பதினெட்டு வருடம் அங்கேயே கிடந்தார். ஓர் அகராதி எழுதினார். அதை அச்சிட ஆளில்லை.

பேராயர் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். “வாழ்க்கைக் குறிப்பும்மா. மக வாசிச்சா நல்லா இருக்கும்.”

மகள் படித்தாள். “‘உடல்நலம் கருதிக் கல்லூரிப் பணியிலிருந்து தாமே விலகினார்’னு போட்டிருக்கே. அவருக்கு அப்ப என்ன வியாதி?”

“பழசை இன்னிக்கு எதுக்கும்மா கிளறணும்? ஐயா மேல எனக்கு என்னிக்கும் மரியாதைதான்.” அம்மாவின் பக்கம் திரும்பியதும் அவர் குரல் பாகாய் உருகியது. “நீங்க வீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க. சபை வீடு, விதிப்படி மூணு மாசத்துல காலி பண்ணணும். நான் சொன்னா யாரும் மறுக்கமாட்டாங்க. உங்க காலம் வரைக்கும் இங்கேயே இருங்க.”

“ரொம்ப நன்றிங்கய்யா,” என்றாள் அம்மா.

அவர் போனதும் மகள் அம்மாவைச் சமையலறைக்கு இழுத்தாள். “நான் இதை வாசிக்க மாட்டேன்.”

“வாசி.”

“அப்பா இருந்திருந்தா...”

“அப்பா இருந்திருந்தா! அவரு நேர்மையா இருந்துட்டுப் போயிட்டாரு. அதைக் கட்டிக்கிட்டு மாரடிச்சது யாரு? உன் ஒத்தை ரூம்ல, புருஷன் புள்ளைங்களுக்கு நடுவுல, என்னை எங்கடி படுக்கவைப்ப?”

மகள் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

கோயிலில் அந்த வரி வந்தபோது மகள் ஒரு கணம் தலையைத் தூக்கினாள். பேராயர் ஜெபிப்பவர்போல் கண்ணை மூடியிருந்தார். முதல் வரிசையிலிருந்து அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் தடுமாறாமல் வாசித்தாள். யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் கல்லூரியின் பழைய நூலகர் இருந்தார். அந்த நாற்பது பக்கங்களுக்கும் மூலப் புத்தகத்தை அப்பாவுக்குத் தேடிக் கொடுத்தவர். அவர் ஊன்றுகோலைப் பற்றிக்கொண்டு எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். டொக், டொக் என்ற சத்தம் வாசல் தாண்டி அடங்கும்வரை மகள் காத்திருந்தாள். பிறகு அடுத்த வரியை வாசித்தாள்: “உண்மைக்கு உழைத்த உத்தமர்.”

கல்லறையிலிருந்து திரும்பியதும் அம்மா புடவைகூட மாற்றவில்லை. ஒவ்வொரு அறையாகப் போய்ச் சன்னல்களைத் திறந்தாள். அப்பாவின் அறைச் சன்னல் மட்டும் இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு முறை குத்தினாள். திறந்துகொண்டது. சட்டத்தில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

மகள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.