சுற்றினாலும் நகராத புகை

வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. கீறல், குமிழி, கோணல் வாய் என்று எந்தக் குறையும் அங்கே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தப்பக் கூடாது. குறை தெரிந்தால் பாட்டில் சிவப்புத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து உடைபட்டு மறுபடி உலைக்கே போகும். அன்று காலையிலிருந்து தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தவர் ஒரே ஆள்தான், பழைய உலைக்காரர். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனபின் இந்த நாற்காலிக்கு வந்தவர். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி. அவள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பாட்டில் பார்க்கிறவள்.

"ஏங்க, இதை எதுக்கு ஒதுக்குறீங்க?"

"புகை இருக்கு. தெரியல?"

"எங்க?"

"கழுத்துக்குக் கீழ பாரு. பனி படிஞ்ச மாதிரி."

அவள் வாங்கி விளக்கில் காட்டினாள். "எனக்கு ஒரு மண்ணும் தெரியல" என்று நல்ல பக்கத்தில் வைத்தாள். அவர் எட்டி எடுத்துத் தொட்டியில் போட்டார்.

இடைவேளை மணி அடித்ததும் உலைக்கூடத்திலிருந்து மச்சான் விறுவிறுவென்று வந்தான். மனைவியின் தம்பி. உலைவாய்க்குள் இரும்புக் குழாயை விட்டு, உருகிய கண்ணாடியைத் தேனைப்போலச் சுருட்டியெடுத்து அச்சில் இறக்குவது அவன் வேலை. அவர் நின்ற இடத்தில்தான் இப்போது அவன் நிற்கிறான்.

"மாமா, உங்களுக்கு என்மேல அப்படி என்ன கோவம்? நான் எடுத்ததுல பாதி தொட்டியில கிடக்கு. சூப்பர்வைசர் என்னைப் புடிச்சுக் காய்ச்சி எடுக்கிறாரு."

"கோவம் என்ன மாப்ளே. சரக்கு சரியில்ல. என் காலத்துல பாட்டில் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கும்."

"அக்கா, ஆரம்பிச்சுட்டாருக்கா."

"நம்பலையா? இந்தா, உன் கண்ணு முன்னாலயே காட்டுறேன்."

பாட்டிலைப் பிடித்து மெல்லச் சுற்றினார். கண்ணாடியில் உள்ள குறை கண்ணாடியோடு சேர்ந்து சுற்றும். கீறல் என்றால் பின்பக்கம் போய் மறுபடி முன்னால் வரும். புகை நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. அவர் முகம் மாறியது. வேறு பாட்டில் எடுத்தார், சுற்றினார். அதே இடத்தில் அதே புகை. வலது கண்ணை மூடினார். புகை. இடது கண்ணை மூடினார். பாட்டில் பச்சைத் தண்ணீர்போல இருந்தது.

"அட!" என்றார்.

அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கண்ணை மூடி விளக்கைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மரக்கிளையில் உட்கார்ந்த காக்காயைப் பார்த்தார். இடது கண்ணுக்குக் காக்காய் சாம்பல் நிறம்.

"உன் மூஞ்சியிலயும் புகை இருக்குடி."

"இருக்கும். உங்களைக் கட்டின நாளா வயிறு எரியுதில்ல, அது வெளிய வருது" என்றாள் அவள். சிரிப்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவர் கண்ணை அருகில் வந்து உற்றுப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. கறுப்பு இருக்க வேண்டிய நடுவில் பால் தெளித்தாற்போல் இருந்தது.

அந்த வாரம் வீட்டில் அடுப்பிலிருந்து இறங்கியதெல்லாம் பச்சை. கீரை, கீரைத் தண்ணீர், கீரையைப் பிசைந்த சோறு. சிகரெட் பெட்டி எங்கே போனதென்று கேட்டால் தட்டில் இன்னொரு கரண்டி கீரை விழுந்தது. "நான் என்ன ஆடாடி?" என்று அவர் கத்தினார். தினமும் காலையில் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்தார். புகை அசையவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் சின்னப் பெண். அவர் கேள்வி கேட்கக் கேட்க அவளும் ஆர்வமாகப் பதில் சொன்னாள்.

"கண்ணுக்குள்ள லென்ஸ்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. பச்சை முட்டையில வெள்ளைக்கரு எப்படி இருக்கும்?"

"கண்ணாடி மாதிரி."

"வெந்தா?"

"வெளுத்துடும்."

"அந்த மாதிரிதான் லென்ஸும் மெல்ல மெல்ல வெளுக்கும். கண்புரைன்னு சொல்றது அதைத்தான். வயசானா நிறையப் பேருக்கு வரும். சர்க்கரை நோய், சிகரெட், வெயில் இதெல்லாம் முன்னாடியே இழுத்துட்டு வந்துடும்."

மனைவி சிகரெட் என்ற இடத்தில் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "கீரையில கரையாதாம்மா?" என்று கேட்டாள்.

"கீரை, பழம், மீனு எல்லாம் கண்ணுக்கு நல்லதுதாம்மா, விடாம குடுங்க. ஆனா வெந்த வெள்ளைக்கருவை எந்தக் கீரையாலயும் திரும்பப் பச்சையாக்க முடியாது. ஆபரேஷன்தான். பயப்படாதீங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவருக்குப் பயமில்லை. வேறொன்று குடைந்தது. "வயசுன்னா ரெண்டு கண்ணுக்கும் ஒரே வயசுதானேம்மா? இடது பக்கம் மட்டும் ஏன்?"

"என்ன வேலை பாத்தீங்க?"

அவர் எழுந்தார். வலிக்கும் முழங்காலை மடக்கி, இடது தோளை முன்னால் கொடுத்து, இல்லாத குழாயை இரண்டு கையாலும் பிடித்து உருட்டினார். டாக்டர் எழுந்து வந்து அவர் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தாள்.

"நெருப்பு எந்தப் பக்கம்?"

அவர் இடது கன்னத்தில் கை வைத்தார்.

"கறுப்புக் கண்ணாடி போட்டுக்க மாட்டீங்களா?"

"இல்லம்மா. அது கம்பெனியைச் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு."

அவள் சீட்டில் எதையோ எழுதினாள். "வருஷக்கணக்கா உலையைப் பாத்துட்டே நின்னா இப்படி வரலாம். இப்ப அங்க யாரு நிக்கிறா?"

"என் தம்பி" என்றாள் மனைவி.

அன்று சாயங்காலமே தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்கள். அவன் சிரித்தான். "எனக்குக் கழுகுக் கண்ணு மாமா. நீங்க கிழவராயிட்டீங்க, அதை ஒத்துக்குங்க." அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையாலேயே அவன் தாடையைப் பிடித்து, விளக்கடிக்குத் திருப்பி, இடது கண்ணைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவன் கூச்சப்பட்டுக் கையைத் தட்டிவிட்டான்.

மறுநாள் அவர் மேனேஜர் அறைக்குப் போனார். அலமாரிக்குமேல் ஒரு நீலப் பெட்டி இருந்தது. பூட்டுப் போட்டது. உள்ளே கறுப்புக் கண்ணாடிகள் இருப்பது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

மேனேஜர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார்.

"டாக்டர் உலையாலதான்னு அடிச்சுச் சொன்னாங்களா?"

"வரலாம்னு சொன்னாங்க சார்."

"பாத்தீங்களா? வரலாம்னுதான். கண்புரைக்கு ஆயிரம் காரணம் இருக்கு. நம்ம ஆளுங்க சாப்பாட்டுல சத்து எங்க இருக்கு, சொல்லுங்க?"

"இருக்கட்டும் சார். அந்தப் பெட்டி சும்மாதானே கிடக்கு? உலையில நிக்கிறவங்களுக்குக் குடுத்தா, என் மச்சானுக்காவது..."

"வேலைக்குக் குடுத்தா கீறல் விழுந்துடும். அப்புறம் வர்றவங்களுக்கு என்னத்தைக் குடுக்கிறது? புதுசு வேணும்னா மேல கேக்கணும், கேக்குறேன். ஆனா நீங்க சொன்னதை நான் சும்மா விடமாட்டேன்."

அவர் சும்மா விடவில்லை. அடுத்த வாரம் உலைக்கூட வாசலில் ஒரு மூட்டை கேரட் வந்து இறங்கியது. சுவரில் பெரிய கண் ஒன்றை வரைந்து, பக்கத்தில் கீரைக்கட்டும் கேரட்டும் வரைந்து ஒட்டினார்கள். ஷிப்டு ஏறும்போது ஆளுக்கொன்று. கழுவித்தான் கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆட்கள் அதைக் கடித்துக்கொண்டே உலைவாய்க்குப் போனார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது காக்காயை. கன்னங்கரேலென்று இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாற்காலிக்குத் திரும்பினார். சிவப்புத் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. "இப்பதான் கண்ணைத் திறந்து வேலை பாக்குறாரு" என்று மனைவி ஊரைக் கூட்டிச் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் வெளியாட்கள் வந்தார்கள். நீலப் பெட்டி திறந்தது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அவர்கள் மஞ்சள் கோட்டுக்கு அப்பால், உலையிலிருந்து தள்ளி நின்றார்கள். மேனேஜர் சுவரில் இருந்த கண்ணைக் காட்டி எதையோ விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் ஒரு கேரட்டை எடுத்துப் படம் பிடித்தார். நாற்காலியில் இருந்தபடியே, திறந்திருந்த கதவு வழியே பழைய உலைக்காரருக்கு அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. கோட்டுக்கு இப்பால், உலைவாயருகே மச்சான் இடது தோளை முன்னால் கொடுத்து நின்றான். அந்தப் பக்கக் கன்னம் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. வெறுங்கண்ணைச் சுருக்கி நெருப்புக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

வந்தவர்கள் போனதும் ஒருவர் கண்ணாடிகளை வாங்கி, மெல்லிய துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினார்.

இடைவேளையில் மச்சான் வந்தான். கேலி கிண்டல் ஒன்றும் இல்லை. தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து விளக்குப் பலகையில் காட்டிச் சுற்றினான். வலது கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி நிதானமாகச் சுற்றினான். அக்கா கையிலிருந்த பாட்டில் அப்படியே நின்றது.

"மாமா," என்றான், "இதுல புகை இருக்கா?"

அவர் வாங்கிப் பார்த்தார். பாட்டில் பச்சைத் தண்ணீர்போல இருந்தது.