கழுத்துக்குக் கீழே

“கழுத்துக்குக் கீழ எதுவும் வராதுன்னு சொல்லித்தானே உட்கார வெச்சேன்? இப்ப முழுசா சுவர்ல ஏத்தினா நான் என்ன மனுஷி?”

“மேடம், இந்தக் கண்காட்சிக்கு உயிரே இந்தப் படம்தான்.”

“உயிர் போனா போகட்டும். கழட்டுங்க.”

காட்சிக்கூடத்தின் பொறுப்பாளரான இளம்பெண் சுவரையும் அந்த மூத்த புகைப்படக்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். நகரத்தில் ஸ்டூடியோ திறந்த முதல் பெண், பத்திரிகைக்குப் படமெடுக்கப் போன முதல் பெண் என்று புகைப்படக்காரியைப் பற்றி வாசலில் பெரிதாக எழுதி வைத்திருந்தது இந்த இளம்பெண்தான். உள்ளே வெள்ளம், தேர்தல், ஆலை வாசலில் மறியல் என்று அந்தப் பெண்ணின் வாழ்க்கை சுவர் சுவராக விரிந்திருந்தது. கடைசிச் சுவருக்காக ஸ்டூடியோவின் பழைய பாஸ்போர்ட் படங்களைக் கேட்டிருந்தாள். நெகட்டிவ்கள் வந்தன. எங்கே வெட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. லேபில் அப்படியே முழுதாக, ஆள் உயரத்துக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

படத்தில் ஒரு பெண். மேலே ஸ்டூடியோவின் கறுப்புக் கோட்டு, படிய வாரிய தலை, வேலைக்கு விண்ணப்பிக்கும் முகம். கீழே சாயம் போன பாவாடை. முழங்கால்களுக்கு நடுவே ஒரு குழந்தை; அழுதுவிடாமல் இடது கையால் அதன் வாயைப் பொத்தியிருந்தாள். குழந்தையின் கண்கள் மட்டும் அவள் விரல்களுக்கு மேலே, மதில் மேல் எட்டிப் பார்ப்பது போல, கேமராவைப் பார்த்தன. மேல்பாதி ஏதோ அலுவலகத்தில் இருந்தது, கீழ்ப்பாதி சமையலறையில். நடுவே கோட்டின் கடைசிப் பொத்தான்.

“அந்தக் கோட்டு நாத்தம் இன்னும் மூக்குலயே நிக்குது,” என்றாள் கூட வந்திருந்த புகைப்படக்காரியின் தங்கை. ஸ்டூடியோவில் கல்லாவில் உட்கார்ந்ததும், வந்தவர்களுக்குக் கோட்டு மாட்டிவிட்டதும் அவள்தான். “ஊர்ல பாதிப் பேர் அதைப் போட்டுத்தான் வேலை வாங்கினாங்க. துவைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல.”

“உன் வேலைதானேடி அது?”

“நீ வெள்ளத்தைப் படம் புடிக்கப் போயிட்ட. தண்ணியெல்லாம் உங்கிட்டதான் இருந்துச்சு.”

அக்கா சிரிக்கவில்லை. படத்தருகே போய், கழுத்துக்குக் கீழே இரண்டு கைகளாலும் மறைத்துப் பார்த்தாள். யாரோ ஒரு விண்ணப்பதாரர். கைகளை எடுத்தாள். அந்தக் குழந்தை அவளையே பார்த்தது.

“எடுக்கும்போது இதை நான் பார்க்கவே இல்லடி. முகத்துல நிழல் விழுதான்னு மட்டும்தான் பார்த்தேன்.”

“அப்போ முகத்தை மட்டும் வெட்டி மாட்டிடவா மேடம்?” பொறுப்பாளரின் குரல் இறங்கியிருந்தது.

“வெட்ட மனசு வரல. அவ சரின்னு சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா சுவர் காலியா இருக்கட்டும்.”

“நாளைக்குத் திறப்பு. அவங்களை எங்க போய்த் தேடுறது?”

“தேடவே வேணாம்,” என்றாள் தங்கை. “ரயில் நிலையத்துல டிக்கெட் கொடுக்கிறா. சில்லறை இல்லேன்னு எனக்கு மாசாமாசம் திட்டு விழுது.”

“இதை ஏண்டி முன்னாடியே சொல்லல?”

“வாசல் பூரா முதல் பெண், முதல் பெண்ணுன்னு உன்னைத்தான் போட்டிருக்காங்க. ரெண்டாவது பெண்ணை யாரு கேட்டா?”

படத்தின் சிறிய பிரதி ஒன்றை வாங்கிக்கொண்டு இருவரும் ரயில் நிலையத்துக்குப் போனார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் நரைத்த தலையோடு அவளே இருந்தாள்.

“எங்க போகணும்?”

“எங்கேயும் இல்லம்மா,” என்றாள் அக்கா.

“எங்கேயும் போகாதவங்க ஏன் வரிசையில நிக்கிறீங்க?”

பின்னால் யாரோ, “வண்டி வந்துரும், சீக்கிரம் ஆகட்டும்மா,” என்றார். அக்கா கண்ணாடிக்கு அடியிலிருந்த இடைவெளியில் படத்தைத் தள்ளினாள்.

உள்ளே இருந்தவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். தன் முகத்தைத் தாண்டிக் கீழே இறங்கிய விரல் அந்தச் சின்னக் கண்களில் நின்றது.

“வீட்டுல யாருக்கும் சொல்லாம வந்தேன் அன்னிக்கு,” என்றாள் மெதுவாக. “இவனை யார்கிட்ட விட்டுட்டு வர்றது? கத்தி ஊரைக் கூட்டிடுவான்னு...” திடீரென்று சிரித்தாள். “இப்ப ஆறடி இருக்கான். வாயைப் பொத்தணும்னா நான் ஸ்டூல்ல ஏறணும்.”

அடுத்த கவுன்ட்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். அவள் சட்டென்று படத்தைக் கவிழ்த்தாள். பிறகு தானே அதை நிமிர்த்தி, எல்லோருக்கும் தெரியும்படி மேஜைமேல் வைத்தாள்.

அக்கா கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள்.

“முகம் மட்டும்தான் வரும்னு உனக்குச் சொல்லியிருந்தேன்மா. நாளைக்கு ஒரு கண்காட்சி. ஊரே வந்து பார்க்கும். நீ வேண்டாம்னா இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன். உன்னையும் பையனையும் முழுசா மாட்டட்டுமா?”