ரம்ஸியா அழவில்லை

1
இந்தக் கதை எனக்குப் புத்தளத்தில், ஒரு கண் கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. பக்கத்தில் இருந்த கரைத்தீவுப் பெண் முந்தானையால் பாதி முகத்தை மறைத்தபடி சொன்னார். அவர் பெயரை ரம்ஸியா என்று மாற்றிவிட்டேன். ‘யுத்தம் முடிந்து சில வருடங்களான பின், களப்போரத்தில் ஒரு காலை…’ என்று தொடங்கினேன். வேண்டாம். களப்பின் தண்ணீர் அழகாக இருந்துவிட்டது. அவள் இமைகள் அப்படியில்லை.

2
இமை விளிம்பு சிவந்து தடித்திருக்கும். விடிந்தால் பொருக்கு ஒட்டிக் கண் திறக்காது. எத்தனையோ களிம்பு பூசியும் போகவில்லை. ஊத்தை பிடித்தவள் என்பார்களோ என்று கூசியே நடமாடினாள்.

குழாயடியில் பக்கத்து வீட்டு பஸீஹா, அவை அழுது சிவந்த கண்கள் என்று எண்ணி, மெல்லக் கேட்டார்.

“மஹ்ரூப் அடிக்கிறானா புள்ள?”

இல்லை என்றிருக்கலாம். ரம்ஸியா தலை குனிந்துகொண்டாள். (ஏன்? புருஷனிடம் அடிவாங்கி அழுபவளுக்கு இரக்கமாவது கிடைக்கும். இந்த வரியை இரண்டு தடவை வெட்டினேன்.)

3
கதை பள்ளிவாசல்வரை போனது. நிர்வாகத் தலைவர் நெய்னார் ஹாஜியார், ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மஹ்ரூபைப் பலர் முன்னிலையில் கண்டித்தார். அவனை முரடனாக்கினால் கதை இலகுவாகும் என்று ஒரு பிரதி எழுதிக் கிழித்தேன். களப்பில் வலை வீசிப் பிழைக்கும் அவன், அவள்மேல் கை ஓங்கியதே இல்லை.

வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டான்.

“நான் எப்ப உனக்கு அடிச்ச?”

எல்லாவற்றையும் சொன்னாள். அன்றைக்குத்தான் உண்மையாக அழுதாள். மறுநாள் அவனே கிளினிக்குக் கூட்டிப்போனான்.

4
இது ஊத்தையால் வருவதல்ல, இமையின் நாட்பட்ட அழற்சி என்றார் டொக்டர். இளஞ்சூட்டு ஒத்தடம், இமை துடைப்பு, கூடவே கிருமிநீக்கிச் சொட்டு மருந்து. சொட்டு எரிந்தது. மஹ்ரூப்தான் இமையை விரித்துப் பிடித்துச் சொட்டை விட்டான். அவன் விரல் படும்போதெல்லாம், எரிச்சலைவிட வெட்கமே அவளைச் சுட்டது. மெல்ல மெல்லச் சிவப்பு வடிந்தது.

5
போன கிழமை ஹாஜியார் வீடு தேடி வந்தார். அவள் கண்கள் தெளிந்திருப்பதைப் பார்த்து மஹ்ரூபின் தோளில் தட்டினார்.

“நாங்க சொன்னதக் கேட்டுத் திருந்திட்டீங்க. அல்ஹம்துலில்லாஹ்.”

“ஓம் ஹாஜியார்,” என்று ஒத்துக்கொண்டான் மஹ்ரூப்.

ஒரு முடிவில், ரம்ஸியா உண்மையைச் சொல்லி ஊர் வாயில் விழுகிறாள். இன்னொன்றில், தேத்தண்ணி ஊற்றவென்று உள்ளே போய்விடுகிறாள். மூன்றாவதில் அவள்…

எதுவும் எழுத வரவில்லை. அவள் வாய் திறக்கும் வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மஹ்ரூப் நிமிராமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.