வெள்ளிக்கிழமைத் திருத்தங்கள்

முப்பத்து மூன்று வருடம் தொலைபேசி நிலையத்தில் விசாரணைப் பிரிவில் இருந்தவன் நான். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல வேண்டும், அதுதான் வேலை. எங்கள் மாவட்டத்தில் ஆரல்வாய்மொழி தொடங்கி நீரோடி வரைக்கும் எல்லா வீட்டு நம்பரும் என் நாக்கு நுனியில் இருந்தது. பூதப்பாண்டியில் ஒரு நாய்க்குப் போன் இருந்திருந்தால் அந்த நம்பரையும் சொல்லியிருப்பேன்.

ஓய்வு பெற்ற மறுவாரம்தான் கம்ப்யூட்டர்களுக்கும் இப்படி ஒரு விசாரணைப் பிரிவு இருப்பது தெரிந்தது. நீங்கள் ஒரு இணையதளத்தின் பெயரைத் தட்டினால் அதன் எண்ணைத் தேடிக் கொடுக்கிறதே, அந்த டிஎன்எஸ் சர்வர். அதில் ஒன்று திறந்த மூலம். அதாவது அதன் நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். பொறுப்பாளர் ஒருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் திருத்தம் உள்ளே சேரும். அந்த சர்வர் மொத்தமும் பிளகின் என்கிற துண்டு நிரல்களைக் கோத்துச் செய்தது. ஒவ்வொரு பிளகினுக்கும் ஒரு வேலை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர்கள்.

அதில் ஒரு பிளகின் என்னுடையது, நிரல் எழுதப் படித்து நானே எழுதியது. ஒக்கிப் புயலில் லைன் அறுந்து கிடந்த நாட்களில் உதித்த யோசனை. வெளியுலகத் தொடர்பு போனால், கடைசியாகத் தெரிந்த எண்ணையே சொல்லிச் சமாளிக்கும். உலகத்தில் முந்நூறு கோடிப் பேர் அதை நம்பிப் பிழைக்கிறார்கள். செசிலி, என் மனைவி, முந்நூறு பேர் இருக்கும் என்கிறாள். எண்ணிக்கை விஷயத்தில் அவளுக்குத் தாராள மனசு கிடையாது.

இந்தப் பிளகினுக்கு இரண்டு பொறுப்பாளர்கள். மணவாளக்குறிச்சியில் நான், தேங்காப்பட்டணத்தில் முகம்மது மீரான். மீரான் இருபது வருடம் சவூதியில், தம்மாமில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவன் எழுதினால் நான் ஒப்புதல், நான் எழுதினால் அவன் ஒப்புதல்.

நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் சாண்ட்பைப்பர் வந்தான்.

அது ஒரு புனைபெயர். கடற்கரை ஈரமணலில் ஓடித் திரியும் குருவியாம். ஊர் கிடையாது, படம் கிடையாது. ஆனால் திருத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எட்டு மாதத்தில் பதினான்கு. ஒவ்வொன்றும் சின்னது, சுத்தமானது, கூடவே சோதனையும் எழுதி வைத்திருப்பான். நான் முரட்டுத்தனமாக ஒரு கேள்வி கேட்டால் நன்றி சொல்லிப் பதில் எழுதுவான். புரோகிராமர் என்றால் சண்டைக்காரனாக இருப்பான். நன்றி சொல்லுகிறவன் நிச்சயமாக எதையோ ஒளித்து வைத்திருக்கிறான். அவன் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் ஏழு தடவை படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் படித்தேன். ஒரு குற்றமும் கிடைக்கவில்லை. அதுவே சந்தேகத்தை ஆயிரம் மடங்கு ஆக்கியது.

பதினான்காவது திருத்தம் என் பிளகினின் நடுநெஞ்சில் கைவைத்தது. எந்த எண் பழசு, எந்த எண் புதுசு என்று முடிவு செய்கிற இடம். ஐந்து வாரம் அதைத் தொடாமல் வைத்தேன். மீரானிடம் கேட்டால், "அது நீ எழுதுன எடம்லா மக்கா, நீயே பாரு" என்று கழன்றுகொண்டான்.

அந்தச் சமயம் பார்த்து, நெதர்லாந்தில் இருக்கும் திட்டத் தலைவி ஒரு குண்டு போட்டாள். சாண்ட்பைப்பரை எங்கள் பிளகினுக்கு மூன்றாவது பொறுப்பாளராக்கலாமாம். வெள்ளிக்கிழமை முடிவதற்குள் நாங்கள் யாரும் காரணத்தோடு ஆட்சேபிக்காவிட்டால் நாற்காலி அவனுக்கு.

புதன்கிழமையே ஆட்சேபணை எழுதிவிட்டேன். உலகமே படிக்கிற பொதுப் பக்கத்தில்: "இந்த நபர் போலி. ஆதாரம் வெள்ளிக்கிழமை தருகிறேன்." எழுதி முடித்த பிறகுதான் என் கையில் ஆதாரம் எதுவும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

பதினான்கு திருத்தங்களையும் அச்செடுத்துச் சுவர் முழுக்க ஒட்டினேன்.

"போலீசு வந்தா உம்மளத்தான் முதல்ல பிடிப்பான்" என்றாள் செசிலி, முருங்கைக்கீரை உருவியபடி.

"ஏட்டி, இது சாதாரணக் காரியமில்ல. கொளச்சல் கடலுக்கு அடியில ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிக்குதுன்னே வச்சுக்க."

"அந்தக் கப்பல்ல உள்ளவன் உம்ம ப்ளகின்னத் திருடித்தான் கஞ்சி குடிக்கணுமாக்கும்."

அப்போதுதான் கண்ணில் பட்டது. பதினான்கு தாளிலும் கிழமை வெள்ளி. நேரம் நம் ஊர்க் கணக்குக்குப் பகல் பன்னிரண்டே முக்காலுக்கும் ஒன்றரைக்கும் நடுவில். மீரான் ஜும்மாத் தொழுகைக்குப் போகிற நேரம்!

நீர்மூழ்கிக்காரனுக்கு மீரான் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் எப்படித் தெரியும்? தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான். அந்தப் பெயரை நினைத்ததும் தண்ணீர் குடித்தேன். மீரானேதான் இரண்டாவது கணக்கு வைத்திருக்கிறான். நேரம் குறித்து வைத்தால் கம்ப்யூட்டர் தானாக அனுப்பும். அவன் தொழுகையில் இருப்பான். அந்த நாற்காலியும் கிடைத்துவிட்டால், ஒரு பெயரில் எழுதி இன்னொரு பெயரில் ஒப்புதல் கொடுப்பான். அப்புறம் இந்த டைட்டஸ் எதற்கு?

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வேளையும் பாதிதான் சாப்பிட்டேன் என்றால் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன். புதுக்கடை சந்தையில் ஒரு மீன் டெம்போ மறித்ததில் பத்து நிமிடம் போயிற்று. மீரான் வீட்டு வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பது. கதவு திறந்திருந்தது. முன்னறையில் கம்ப்யூட்டர். அதன் முன்னால் மூக்குக் கண்ணாடியோடு மும்தாஜ் பேகம், மீரானின் மனைவி, எனக்கு மைனி, அதாவது அண்ணி முறை. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பையன்கள் கனவில்கூட அவரிடம் வழியைக் காட்டிவிட்டுத்தான் விடையை எழுதுவார்கள் என்று பேச்சு.

"டைட்டஸண்ணனா? அவிய ஜும்மாவுக்குப் போயிருக்காவளே."

"தெரியும் மைனி."

"தெரிஞ்சேதான் வந்தியளா? செரி, உள்ள கேறி வாங்க."

திரையில் சாண்ட்பைப்பரின் பக்கம் திறந்திருந்தது. பதினைந்தாவது திருத்தம் பாதி எழுதிய நிலையில். எனக்குக் கால் இரண்டும் கழன்று விழுந்தன. பொறுக்கி மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"மைனி... இது நீங்களா?"

"நான்தான். நான் போலின்னு நீங்க எழுதுனதையும் வாசிச்சேன். ஆதாரம் கொண்டாந்தியளா?"

"ஏன் வெள்ளிக்கிழமை மட்டும்?"

"இந்தப் பெட்டிக்கு முன்னால இருந்து அவிய எந்திரிக்கது அப்ப மட்டும்தான்."

எட்டு மாதத்துச் சதி ஒரு வரியில் முடிந்துபோனதில் எனக்கு வருத்தம். விடவில்லை.

"மீரானுக்குத் தெரியாம எதுக்கு? ஒளிச்சு வச்சு..."

"தெரிஞ்சா வாசிக்காமலே ஒப்புதல் போட்டுருவாவ. உங்களுக்குப் போடுததுபோல."

"யாரு சொன்னா? நாங்க வரிவரியா..."

அவர் விசைப்பலகையைத் தட்டினார். திரையில் என் பெயர். நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் அனுப்பிய திருத்தம்.

"இது எத்தன வரி அண்ணே?"

"நானூறு."

"அவிய எத்தன நிமிஷத்துல ஒப்புதல் தந்திருக்காவ?"

நேரம் பக்கத்திலேயே இருந்தது. ஒன்றரை நிமிடம். அன்று போனில் பேசியது நன்றாக நினைவிருந்தது. "மக்கா, ஒண்ணு போட்டிருக்கேன்." "செரிலே, அமுக்கியாச்சு." மீதி நேரம் சாளை மீன் விலை பேசினோம்.

"இனி இதப் பாருங்க" என்றார் மும்தாஜ் மைனி. "மக ரியாத்துல இருக்கா. நீங்க இத அனுப்புன மறுமாசம், அவ கூட முகம் பாத்துப் பேசுத தளம் எண்ண மாத்திட்டாங்க. ஊருக்கெல்லாம் புது எண் கெடைக்கி. எங்க வீட்டுல மட்டும் மூணு நாளா பழைய எண்ணேதான். அவிய இங்க உங்க ப்ளகின்னத்தானே மாட்டி வச்சிருக்காவ. எதனாலன்னு தேடுனேன். தேடுததுக்கே நிரல் எழுதப் படிக்க வேண்டியதாப் போச்சு, ஒரு வருஷம். லைன் திரும்பி வந்த பொறவும் பழசக் கீழ போடாம பிடிச்சிட்டு நிக்கி. இந்த நானூறுல நூத்திப் பன்னிரண்டாவது வரி."

படித்தேன். இந்த முறை பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நேரத்தை ஒப்பிடுகிற இடத்தில் 'பெரியது' என்ற குறிக்குப் பதில் 'சிறியது' என்ற குறியைப் போட்டிருந்தேன். ஐந்து வாரமாக நான் பூட்டி வைத்திருந்த பதினான்காவது திருத்தம் அந்த ஒரு தவறைச் சரிசெய்வதுதான். ஊர் பேர் தெரியாதவனின் கமா புள்ளியை எல்லாம் ஏழு தடவை சோதித்தவன், சினேகிதனின் ஒரு வரியைக்கூடப் படித்ததில்லை. அவனும் என் வரியைப் படித்ததில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. அது நியாயமான சந்தேகம், அதனாலேயே சொல்லக் கூச்சமாக இருந்தது.

"மைனி, நீங்களும் பொறுப்பாளர் ஆனா ஒரே வீட்டுல ரெண்டு பேரு. அவன் எழுத, நீங்க ஒப்புதல் போட..."

"அது கேக்க வேண்டிய கேள்வி" என்றார். முதல் தடவையாக எனக்கு மார்க் கிடைத்தது. "இன்னாருக்கு வீட்டுக்காரின்னு நானே அந்தப் பக்கத்துல எழுதுதேன். அவியளுக்கு நான் போடமாட்டேன், எனக்கு அவிய போடண்டாம். என்னத நீங்க வாசிங்க. உங்களத நான் வாசிக்கேன்."

கடைசி வாக்கியத்தில் எனக்கு லேசாக வியர்த்தது.

"ஆட்சேபணைய எடுக்கதும் வச்சிருக்கதும் உங்க இஷ்டம். ஆனா தெரிஞ்ச வீட்டுக்காரின்னு எடுக்காதியோ. அப்படி எடுத்தா நானே வேண்டாம்னு எழுதிருவேன்."

மீரான் தொப்பியோடு உள்ளே வந்தான். "ஏலே டைட்டஸ், எப்ப வந்த?" என்றவன் எங்கள் இருவர் முகத்தையும், திரையையும் பார்த்தான். மும்தாஜ் மைனி எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றினான்.

"அப்ப அந்த நானூறு வரி..." என்றான் பைய.

"ஒன்றரை நிமிஷம்" என்றேன்.

"சாளை வெல பேசுனோம்லா."

அவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே என் கணக்கில் நுழைந்து எழுதினேன்: "ஆட்சேபணையை எடுத்துக்கொள்கிறேன். போலி என்று எழுதியதற்கு மன்னிப்பு. பதினான்காவது திருத்தத்தை இன்றுதான் சந்தேகம் இல்லாமல் படித்தேன். பிழை என்னுடையது, நூற்றுப் பன்னிரண்டாவது வரி. யாரும் அதைப் படிக்காமலே ஒப்புதல் வாங்கியவனும் நானே." உலகத்தில் முந்நூறு கோடிப் பேர் அதைப் படித்திருப்பார்கள். சரி, முந்நூறு பேர். பதினான்காவதுக்கு ஒப்புதலும் போட்டேன். அதற்குக் கீழே மும்தாஜ் மைனி தன் பெயரையும் கணவர் பெயரையும் எழுதினார். மறுநாள் காலையில் நாற்காலி அவருக்கு ஆயிற்று.

அடுத்த வாரம் ஒரு திருத்தம் அனுப்பினேன். சின்னதுதான், முப்பது வரி. அரை நாள் கழித்துத் திரும்பி வந்தது, பத்தொன்பது கேள்விகளோடு. முதல் கேள்வி, இதை நீங்களே ஒரு தடவை படித்தீர்களா என்பது.

மீரானுக்குப் போன் அடித்தேன். "மக்கா, எனக்கு ஒண்ணு..."

"போன வையிலே" என்றான் குரலைத் தாழ்த்தி. "நீ போன மாசம் அனுப்புனியே, அத நான் வாசிச்சிட்டு இருக்கேன். பொறத்தால அவ நிக்கா."