கவர் போட்ட கம்பளம்

கடையில் அப்போது இருந்தவர்கள்: ட்ரை கிளீனிங் கடைக்காரர், அவருடைய இஸ்திரிக்காரர், கம்பளத்தின் சொந்தக்காரியான ஒரு டீச்சர், என் அக்கா, நான். கவுண்டரின் மேல் கம்பளம் கிடந்தது. பூஞ்சை நாற்றம் வாசல்வரை அடித்தது.

எங்கள் பிழைப்பு இப்படி. நானும் அக்காவும் ஒரு ஷெட்டில் கம்பளம் துவைக்கிறோம். எங்களுக்கென்று கடை கிடையாது. ட்ரை கிளீனிங் கடைகள் வாங்கி வைக்கிற கம்பளங்களை வேனில் எடுத்துப்போய், துவைத்துக் காயவைத்துத் திருப்பிக் கொடுப்போம். நாங்கள் இருப்பதே கம்பளக்காரர்களுக்குத் தெரியக்கூடாது. கடைக்காரர்கள் போடுகிற ஒரே நிபந்தனை அது. வருகிற வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கடையுடையது. இது கைவிட்டால் ஷெட்டை இழுத்து மூடவேண்டியதுதான்.

அவசரம் என்று கடைக்காரர் நச்சரித்ததால், டீச்சருடைய கம்பளத்தை அடிநூலில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கொடுத்திருந்தோம். விரித்தே போட்டு வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தோம். ஆனால் அந்தக் கடையில் கோட்டோ புடவையோ, வேலை முடிந்த எதற்கும் பிளாஸ்டிக் கவர் உண்டு. இஸ்திரிக்காரர் பழக்கதோஷத்தில் கம்பளத்துக்கும் கவர் மாட்டி, இரண்டு வாயையும் டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

"ரெயின்கோட்டு மாட்டி விட்டிருக்காரு," என்று அக்கா என் காதோரம் முணுமுணுத்தாள்.

"யாருங்க இதைத் துவைச்சது?" என்றார் டீச்சர்.

கடைக்காரர் என்னைக் காட்டினார். "இவன்தான் டீச்சர். நம்ம கடைப் பையன்."

பையனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. இஸ்திரிக்காரர் மடித்து வைத்த சட்டையைப் பிரித்து மறுபடி தேய்த்தார். அக்கா வாயைத் திறக்கப் போனாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினேன்.

"என் தப்புதாங்க. சரியாக் காயவைக்கல."

"இந்த மாதிரி ஆளை எதுக்குங்க வேலைக்கு வச்சிருக்கீங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்டா," என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "வேற நல்ல ஆளை வச்சு நானே துவைச்சுக் கொடுக்கறேன்," என்றார்.

பின்வாசல்வரை எங்களோடு வந்தார். நடையில் சுவரோரம் இன்றைக்கு நாங்கள் எடுத்துப்போக வேண்டிய கம்பளங்கள் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தன.

"நல்லாவே நடிச்சீங்கண்ணே," என்று அக்கா சிரித்துக்கொண்டே ஒரு சுருளைத் தூக்கக் குனிந்தாள்.

"அது இருக்கட்டும்மா."

அவர் சிரிக்கவில்லை. டீச்சர் இன்னும் உள்ளே நிற்கிறார், அதனால் இருக்கலாம். நாங்கள் வெறுங்கையோடு வெளியே இறங்கினோம். அவர் கதவைச் சாத்தினார். பகலில் சும்மா சாத்தி வைக்கிற கதவுதான். அக்கா வேனின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி காத்து நின்றாள். உள்ளே சாவி திரும்புகிற சத்தம் கேட்டது.