மறுகால் திறந்த ஆண்டு

1943 ஐப்பசியில் ஆலடிக்குளம் நிரம்பியது. தூத்துக்குடி உப்பளங்களுக்கு மேற்கே, மூன்று ஊர்களுக்குச் சோறு போட்ட குளம் அது. மண்கரை மிகப் பழையது. கரையின் அடியில் கசிவு எப்போதும் உண்டு. ஆனால் அந்த வருடம் கசிந்த தண்ணீர் மண்ணோடு கலங்கி வந்தது. கரை உள்ளுக்குள் கரைகிறது என்று பொதுப்பணித்துறை ஓவர்சியர் சுந்தர்சிங்குக்குப் புரிந்தது. கீழே பள்ளத்தில் குடிசைகள் இருந்தன.

கரையைப் பலப்படுத்த ஆள் கேட்டார். யுத்தம் முடியட்டும் என்றார்கள் மேலதிகாரிகள். உபரி நீர் வெளியேறும் மறுகாலை அடைத்திருந்த பலகைகளை எடுத்துத் தண்ணீரைக் குறைப்பதுதான் மிச்சமிருந்த வழி.

விவசாயிகளுக்காகச் சுடலைமாடன் வந்து மறித்தார்.

"ரெண்டு வருசம் களிச்சு இப்பத்தான் மழை பேஞ்சிருக்கு. ரேஷன்ல புழுத்த அரிசி போடுதான். இருக்க தண்ணியையும் கடல்ல விடச் சொல்லுதியளா?"

"கரை ஒடைஞ்சா அம்புட்டும் கடலுக்குத்தான் போவும், வே. பள்ளத்துல இருக்க சனம் என்ன ஆவும்?"

"எங்க தாத்தா காலத்துலயும் கசிஞ்சுது. ஒடையல."

சுந்தர்சிங் போலீஸை நிறுத்திப் பலகைகளைத் தூக்கினார். அதன்பிறகு மழையே இல்லை. கதிர் பிடிக்கும் முன்பே பயிர் காய்ந்தது. கரை உடையவில்லை. திறக்காவிட்டால் உடைந்திருக்கும் என்று சொல்ல அவருக்கு எந்தச் சாட்சியும் இல்லை.

சுடலைமாடன் மாட்டையும் வீட்டையும் விற்றார். மகள் மாடத்தியோடு பள்ளத்துக் குடிசை ஒன்றுக்குக் குடிபோய், உப்பளத்தில் கூலிக்குச் சேர்ந்தார். சுந்தர்சிங்கின் மனைவி கிருபைக்குக் கடைக்காரர் சாமான் தர மறுத்தார்.

"ஒங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்று அவள் அழுதாள். "மத்த ஓவர்சியரெல்லாம் இப்படியா இருக்காவ?"

அடுத்த ஐப்பசியில் குளம் மறுபடி நிரம்பியது. கசிவு வாய்க்காலாக ஓடியது. சுந்தர்சிங் மறுகாலுக்குப் போனார். எதிரே ஊரே கம்போடு நின்றது. பலகையில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"ஒங்க இஷ்டம்" என்றார்.

திரும்பும் வழியில் பள்ளத்தில் வீடு வீடாகப் போய், மேட்டுக்குப் போகச் சொன்னார். சிலர் போனார்கள். பலர் சிரித்தார்கள்.

மறுநாள் உச்சிவேளையில் கரை உடைந்தது. பிணங்களை உப்பளப் பாத்திகளில் தேடி எடுத்தார்கள். மாடத்தியின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த சுடலைமாடன் சுந்தர்சிங்கைக் கண்டதும் நின்றார். குரல் உயரவில்லை.

"போன வருசம் போலீஸைக் கூட்டிட்டு வந்தியளே. இந்த வருசம் ஏன் கூட்டிட்டு வரல?"

பதிலுக்காக நிற்காமல் சுடலைமாடன் நடந்தார்.

விசாரணையில் மழைதான் காரணம் என்று முடித்தார்கள். ஓவர்சியர்மீது தவறில்லை என்றார்கள். அன்று மாலை ஜெபத்தில் கிருபை அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சுந்தர்சிங் பாதி ஜெபத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்.